வேலங்கனைக் கொன்ற கண்ணகி

மீன்பிடித் தடைக்காலத்தின் அறுபத்தோராவது நாள், காலை ஆறு மணிக்கு, கண்ணகி தன் வீட்டுக் குளியலறைக்குள் நின்றுகொண்டு வேலங்கனைக் கொன்றாள். அவன் சாகப் பதினாலு நிமிடம் பிடித்தது. குரல் பதிவை அனுப்பிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள், நின்றபடியே நாலு இட்லியை உள்ளே தள்ளினாள். இத்தனை நாள் எப்படிக் கொல்வது, எங்கே வைத்துக் கொல்வது என்று மண்டையைக் குடைந்த வேலை முடிந்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை குதித்தும் பார்த்தாள்.

எட்டு மணிக்கு லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்புக்குள் ஸ்கூட்டரைத் திருப்பியபோதுதான் நிலவரம் புரிந்தது. வழக்கமாகப் பாத்திரத்தோடு வாசலில் நிற்கும் பெண்கள் யாரையும் காணவில்லை. ஆரன் அடித்தாள். ஒரு ஜன்னல் திறந்தது, அவளைப் பார்த்தது, மூடிக்கொண்டது. மூன்றாவது வீட்டு மதாம் கமலா மட்டும் வெளியே வந்தார். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவரின் மனைவி. எழுபது வயதிலும் உதட்டுச் சாயம் இல்லாமல் வாசல்படி தாண்டாதவர். அன்றைக்கு உதட்டில் ஒன்றும் இல்லை.

"சங்கரா இருக்குது மதாம். சின்னப் படகு மீனு, இப்பதான் கரைக்கு வந்துச்சு."

"மோன் தியே! கடவுளே! உன் கையால மீன் வாங்குவேனா நான்?" என்றார் கமலா. குரல் உடைந்தது. "அந்தப் புள்ள உனக்கு என்னடி பாவம் பண்ணான்?"

கேட்டை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார். கண்ணகி ஐஸ் பெட்டியை மூடினாள். திட்டு வாங்கிய முகத்தோடு தெருமுனைவரை போனவளுக்கு அங்கே சிரிப்பு பீறிட்டுவிட்டது. ஸ்கூட்டரை ஓரம் கட்டி வைத்துச் சிரித்தாள். தான் வாயால் உண்டாக்கிய ஒருவனுக்காக மதாம் கமலா உதட்டுச் சாயத்தை விட்டிருக்கிறார்!

கண்ணகி வீராம்பட்டினத்துக்காரி. பதினாலு வருடமாக மீன் விற்கிறாள். முதலில் தலைக்கூடை, இப்போது ஸ்கூட்டரும் ஐஸ் பெட்டியும். உப்பளத்திலும் லாஸ்பேட்டையிலும் அவளிடம் மீன் வாங்கும் வீடுகளுக்கென்று ‘கண்ணகி மீன்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. தட்டச்செல்லாம் அவளுக்கு ஒத்துவராது. தினமும் காலையில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு பேசுவாள். "வஞ்சரம் இருக்குது, சங்கரா இருக்குது, காரப்பொடி மீனு மட்டும் கேக்காதீங்க" என்று அவள் சொல்வதைக் கேட்டுத்தான் பல வீடுகளில் புளி ஊறப்போடுவார்கள்.

ஏப்ரல் பாதியில் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. சின்னப் படகு மீன் நாலு வீட்டுக்குக்கூடக் காணாது. முதல் நாள் காலை சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் போனை எடுத்தவள், பழக்கத்தில் அழுத்திவிட்டாள். அழுத்திய பிறகு ஏதாவது பேசியாக வேண்டுமே!

"இன்னிக்கு மீனு இல்லம்மா. எல்லாம் எங்க போச்சுன்னு கேக்குறீங்களா? கடலுக்கடியில பட்டாபிஷேகமாம். ஒண்ணு விடாம அதுக்குப் போயிருக்குது."

பத்து நிமிடத்தில் பதினெட்டுப் பேர் கேட்டார்கள்: யாருக்குப் பட்டாபிஷேகம்?

அவளுக்கே தெரியாது. மறுநாள் சொல்வதாகத் தப்பித்தாள். பகலெல்லாம் துணி துவைக்கும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் அதே யோசனை. மறுநாள் காலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாயைத் திறந்தாள். அடுக்களைக் குழாய் மாதிரி சொட்டுச் சொட்டாக வரும் என்று நினைத்தது, மதகு திறந்தாற்போல் கொட்டியது.

கடலுக்கடியில் பத்தொன்பது ராஜ்யங்கள். வஞ்சரக் குலம் அரசாள்கிறது. நெத்திலிகள் கோடிக்கணக்கில் சேர்ந்தால் ஒரே ஒரு சிப்பாய். திருக்கைகள் மேல் ஏறித் தூதர்கள் பறக்கிறார்கள். நண்டுகளின் முதுகில் கோட்டைகள் கட்டியிருப்பதால் தலைநகரம் வாரத்துக்கொரு முறை பக்கவாட்டில் இடம் மாறும். இவை எல்லாவற்றையும் கட்டிக் காப்பது அரசன் தலையில் சூடியிருக்கும் உப்புமுடி. ஆற்றுத் தண்ணீர் பட்டால் அது கரையும். அது கரைந்தால் கடல் முழுக்க நல்ல தண்ணீராகிப் பத்தொன்பது ராஜ்யமும் செத்து மிதக்கும். மலையிலிருந்து மழையரசி தன் ஆறுகளை ஒவ்வொன்றாகக் கடலுக்குள் அனுப்புகிறாள். அவளைத் தடுக்கக் கடல்ராஜா கரையிலிருந்து அழைத்துக்கொண்டு போன ஒரே மனிதன்தான் படகோட்டி வேலங்கன்.

இரண்டாம் வாரம் குழுவில் ஆட்கள் இருநூறைத் தாண்டினார்கள். மீன் தின்னாத வீடுகளெல்லாம் சேர்ந்தன. பிரான்சிலிருந்து மதாம் கமலாவின் மகள் சேர்ந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் கண்ணகியின் மகள் அபி, குரல் பதிவுகளை ஒன்றுவிடாமல் கம்ப்யூட்டரில் எழுத்தாக்கினாள். "அம்மா, இது ஒரு புஸ்தகத்துல அடங்காது" என்று ஒரு நாள் சொன்னாள்.

"ஒண்ணுல எப்டி அடங்கும்? ஒம்போது" என்றாள் கண்ணகி, இஞ்சி தட்டிக்கொண்டே.

"ஒம்போதா!"

"மழையரசி யாருன்னு ஆறாவதுலதான் தெரியும். நீ வேற யாருகிட்டயும் சொல்லித் தொலைக்காத."

வேலங்கனுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் காதுமடலை நனைத்துக்கொள்வான். மூன்று வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். வீராம்பட்டினத்தில் இப்படி ஒரு ஆள்தான் உண்டு. அது கண்ணகியின் கணவன் ராமதாஸ். விசைப்படகு ஓட்டும் டிரைவர். ஊரே கண்டுபிடித்துவிட்டது, அவனைத் தவிர. வலை பழுது பார்த்துக்கொண்டு தடைக்காலம் முழுவதும் வீட்டிலேயே இருந்தும் அவன் கதையைக் கேட்கவில்லை. "வூட்ல கேக்குறது பத்தாதா?" என்றான். மூன்று வார்த்தை.

அப்படிப்பட்ட வேலங்கனைத்தான் கொன்றுவிட்டு, விற்காத சங்கராவோடு அவள் உப்பளம் வழியாகத் திரும்பினாள். அங்கே மங்களம் அச்சகம் வைத்திருந்த பலராமன் தெருவிலேயே வழிமறித்தார். முதல் பாகத்தைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று தானே முன்வந்தவர். அப்பா மில் தொழிலாளி. இவர் கல்யாணப் பத்திரிகை அடித்து நிமிர்ந்தவர்.

"இன்னா காரியம் பண்ணிட்ட கண்ணகி? எங்கூட்ல அடுப்புப் பத்த வைக்கல."

"கத அப்பிடித்தாண்ணே போவுது."

"போவட்டும். புஸ்தகத்துல மட்டும் அவன உயிரோட வுட்டுரு. முப்பது வருஷமா இந்த மிஷின்ல கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் மட்டுந்தான் ஓடியிருக்குது. கருமாதிப் பத்திரிககூட நான் அடிச்சதில்ல. மொத மொதல்ல ஒரு புஸ்தகம் போடுறேன், அதப் போயி சாவுலயா முடிக்கிறது? கடைசி பத்துப் பக்கம். மாத்திக் குடு."

"மாட்டேண்ணே" என்றாள். சட்டென்று ஸ்கூட்டரை முடுக்கினாள்.

"அப்ப நான் அடிக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தால் வாசலில் சக்கரபாணி உட்கார்ந்திருந்தார். ராமதாஸ் ஓட்டும் படகின் முதலாளி. கையில் கற்பூரப் பொட்டலம். விடிந்தால் படகு இறங்குகிறது. இறங்கும் நேரத்தில் படகோட்டி செத்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. "பேருதான் வேற. ஆளு யாருன்னு எங்கூட்டுக் கொழந்தைக்குக்கூடத் தெரியுது. படக எறக்கறதுக்குள்ள அவன எழுப்பி வுட்டுரும்மா" என்றார்.

கண்ணகி வாயைத் திறப்பதற்குள் ராமதாஸ் உள்ளேயிருந்து வந்தான். தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

"யாரு செத்தா?" என்றான்.

சக்கரபாணி தரையைப் பார்த்தார். அபி கூரையைப் பார்த்தாள்.

"நீதான்யா" என்றாள் கண்ணகி. "கதையில."

ராமதாஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "எப்டி செத்தேன்?"

"நீயே கேட்டுக்க. நான் ஒரு தடவதான் சொல்லுவேன்."

அவன் முகத்தில் கோபமா வருத்தமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடமாக முடியவில்லை. அபி அறுபத்தொரு பதிவுகளையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றி, படகிலிருக்கும் பாட்டுப்பெட்டிக்குள் சொருகிவிடச் சொல்லி அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள். விடியற்காலை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து படகு கிளம்பியது. சக்கரபாணி மூன்று முறை கற்பூரம் சுற்றினார்.

ஆறாம் நாள் திரும்ப வேண்டும். அந்த வாரம் கண்ணகி மீன் விற்றாள், வாங்கியவர்கள் பாதிப் பேர்தான், அவர்களும் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார்கள். அவளுக்கு அது வலிக்கவும் செய்தது, உள்ளூரக் குறுகுறுக்கவும் செய்தது. ஒரு வீட்டில் வேலங்கனுக்குப் பதினோராம் நாள் படையல் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள் படகு வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் இல்லை. கூடப் போன மற்றப் படகுகள் கரைக்கு வந்துவிட்டன. அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. தெருவில் அவளைக் கண்டால் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

எட்டாம் நாள் காலை அவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கட்டைவிரலை வைத்தாள். "வேலங்கன் சாவல" என்றாள். "உப்புமுடிக்குள்ள அவன் மூச்சு இன்னும்..." அதோடு நிறுத்தினாள். அவன் எதற்காகச் செத்தானோ அதெல்லாம் பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கதை எக்கேடு கெட்டால் என்ன, மனுஷன் வந்து சேர வேண்டாமா? விரலை எடுக்கவும் முடியாமல், பேசவும் முடியாமல் நின்றாள். ஒரு நிமிடம் வரைக்கும் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் பதிவாகியிருந்தது. அதை அழித்தாள்.

"அம்மா!" என்று அபி கதவை இடித்தாள். "படகு வருதாம்! சக்கரபாணி மாமா போன் பண்றாரு!"

கண்ணகி துறைமுகத்துக்கு எப்படி வண்டி ஓட்டினாள் என்பது அவளுக்கு நினைவில் இல்லை. படகு முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு மேல் பெரிய சத்தமாக ஒரு பெண்குரல் கேட்டது. என்னடா இது என்று பார்த்தால் அவள் குரலேதான். பாட்டுப்பெட்டியில் நாற்பத்தி நாலாம் நாள் கதை ஓடிக்கொண்டிருந்தது. படகின் முகப்பில் நின்ற ஐந்து பேரும் அவளைக் கண்டதும் கையை நீட்டிக் கத்தினார்கள்.

"கொலகாரி! கொலகாரி வந்துட்டா!"

படகு முழுக்கப் பாறை மீன். சமையல்காரன் அம்மாவாசை முதலில் குதித்து ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: மூன்றாம் நாள் பாட்டுப்பெட்டிக்குச் சார்ஜ் போய்விட்டதாம். நண்டுக் கோட்டை முற்றுகை பாதியில் நிற்கிறது. யாருக்கும் வேலை ஓடவில்லை. அதனால் வயர்லெஸ் பேட்டரியைக் கழற்றிப் பாட்டுப்பெட்டிக்குக் கொடுத்துவிட்டான். எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே கிடந்ததில் நீரோட்டம் அவர்களை வடக்கே இழுத்துக்கொண்டு போய், யாரும் வலை போடாத இடத்தில் ஒரு பெரும் மீன்கூட்டத்தின் நடுவில் விட்டிருக்கிறது.

"வயர்லெஸ்ஸ நோண்டுனது நீயாடா?" கண்ணகி அவன் தோளிலிருந்த துண்டை உருவி அவனையே வெளுத்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே சிரிப்பு வந்தது. அம்மாவாசை, "மொத தடவ கடைசி நாளு கேட்டப்ப நான் ரெண்டு வேள சோறு ஆக்கலக்கா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அடி வாங்கினான்.

ராமதாஸ் கடைசியாக இறங்கினான். எதிரே வந்து நின்றான். காதுமடல் நனைந்திருந்தது.

"எல்லாரும் அவன எழுப்பச் சொல்றாங்க" என்றாள் அவள். "எழுப்பிடவா?"

"எப்டி எழுப்புவ?" என்றான். அதன்பிறகு அவன் பேசிய பேச்சில் அம்மாவாசை வாயைப் பிளந்தான். "முடி கரஞ்சி போச்சி. ஒரு மனுசன் ஆயுசுக்கும் வுட்ட வேர்வ உப்பு இருந்தாத்தான் மறுபடி கட்ட முடியும். இவன் தன்னோடத மொத்தமா குடுத்துட்டான். உப்பாவே ஆயிட்டான். இப்ப நீ அவன எழுப்புனீன்னா அந்த உப்ப எங்கேர்ந்து எடுப்ப? முடியிலேர்ந்துதான எடுக்கணும்? எடுத்தா பத்தொம்போதும் செத்து மெதக்கும். நெத்திலிப் படை கதி இன்னா? அவங்களுக்குப் புரியலன்னா நீ எடுத்துச் சொல்ல வேணாம்?"

கேட்ட இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவர்கூட அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. செத்தவன் போட்டிருக்கிறான். கண்ணகி அத்தனை பேர் நடுவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் செதில் ஒட்டியிருந்தது, அவள் விடவில்லை.

மறுநாள் இருவரும் மங்களம் அச்சகத்துக்குப் போனார்கள். ராமதாஸ் இரண்டு கிலோ நண்டை மேசைமேல் வைத்தான். முடி, வேர்வை, உப்பு, நெத்திலிப் படை என்று முதலிலிருந்து முடிவுவரை பலராமனுக்கு விளக்கினான். பலராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இரண்டு முறை துடைத்தார்.

"செத்தவரே வந்து சொல்லும்போது நான் யாருய்யா நடுவுல?" என்றார். "அபிகிட்ட சொல்லி ஃபைல அனுப்பச் சொல்லுங்க."

‘உப்புமுடி – முதல் பாகம்’ எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. பலராமனுக்கு மனசு கேட்காமல் முதல் பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒரு பிள்ளையார் சுழி போட்டிருந்தார். அட்டையில் வேலங்கன் திருக்கைமேல் நின்றான். வரைந்தவர் ராமதாஸின் முகத்தை அப்படியே வைத்து, கழுத்துக்குக் கீழே மட்டும் யாரோ பயில்வானைச் சேர்த்திருந்தார். ராமதாஸ் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு வயிற்றை எக்கிக்கொண்டான். அன்று முழுவதும் எக்கியபடியே இருந்தான்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உப்பளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீடு. இருக்கை போதாமல் பந்திப் பலகைகளை எடுத்துப் போட்டார்கள். மதாம் கமலா சிவப்பு உதட்டுச் சாயமும் கறுப்புப் புடவையுமாக, ஆள் உயர மாலையோடு வந்தார். வேலங்கன் படத்துக்குப் போட வந்தவர், மேடையில் ராமதாஸைக் கண்டதும் படம் எது, ஆள் எது என்று குழம்பி அவன் கழுத்திலேயே போட்டுவிட்டு, அவன் தோளில் சாய்ந்து தேம்பினார். "அழாதீங்க மதாம், நல்லாத்தான் இருக்கேன்" என்று அவன் முதுகைத் தட்டினான். மண்டபம் விசிலில் அதிர்ந்தது.

பிறகு கண்ணகியைப் பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்றாள். அவள் வாழ்நாளில் கூட்டத்தைப் பார்த்துப் பேசியதில்லை. பேசியதெல்லாம் குளியலறைச் சுவரைப் பார்த்துத்தான். முன்வரிசையில் அபி, பேசும்மா என்று வாயசைத்தாள். கண்ணகி கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இன்னிக்கு மீனு இல்லம்மா" என்றாள் மெதுவாக. "எல்லாரும் இங்க வந்து உக்காந்துருக்கீங்க. நான் கொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டு வந்தவங்களும் இருக்கீங்க. ஒரு ஆளு செத்ததுக்கு நீங்க அழுதீங்கன்னா அந்த ஆளு இருந்தான்னுதான அர்த்தம்? அவன இருக்க வச்சது நான் மட்டும் இல்ல. நீங்க தெனம் ஆறு மணிக்குக் காது குடுத்தீங்க, அதான். சாப்புட்டுட்டுப் போங்க. பாறை மீன் கொழம்பு."

விரலை எடுத்தாள். அடுத்த கணம் நூற்றுக்கணக்கான போன்கள் பைகளுக்குள்ளும் இடுப்புகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக டிங், டிங் என்று ஒலிக்கத் தொடங்கின. சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மண்டபத்தைச் சுற்றி வந்தது. கண்ணகி திரும்பிப் பார்த்தாள். மதாம் கமலா எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

கொண்டுவந்த புத்தகமெல்லாம் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. ஆட்கள் ராமதாஸிடமும் கையெழுத்துக் கேட்டார்கள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ‘வேலங்கன்’ என்று எழுதி, பக்கத்தில் ‘காலமானார்’ என்று சேர்த்தான்.

சாயங்காலம் இருவரும் ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவன் ஓட்ட, அவள் பின்னால். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது அவன் தலையைத் திருப்பினான்.

"மழையரசி யாரு?"

"ரோட்டப் பாருய்யா."

"உப்பாப் போனவன் நானு. எனக்குமா சொல்லமாட்ட?"

"மாட்டேன்."

அவன் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பின்னால் வந்த பஸ் ஆரனை அலறவிட்டது. அதன் பின்னால் லாரி. ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து இன்னா பிரச்சன என்று கேட்டார். ராமதாஸ் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணகிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "வண்டிய எடுய்யா, அடிக்க வராங்க" என்று முதுகில் குத்தினாள். அவன் எடுப்பதாக இல்லை.

கடைசியில் அவள் முன்னால் குனிந்து, ஆரன் சத்தத்துக்கு நடுவே, அவன் காதுக்குள் அந்தப் பெயரைச் சொன்னாள்.

ராமதாஸின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. சாவியை எடுக்கப் பைக்குள் போன கை அங்கேயே மறந்துபோய் இருந்தது. பின்னால் வண்டிகள் பாலத்தின் அந்தக் கோடிவரை வரிசைகட்டி அலறிக்கொண்டிருந்தன.